வனவிலங்கு அலுவலகத்துக்குத் தலைவர் என்றால் என்ன வேலை?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை. வர முடியாத உறுப்பினர்களுக்காகப் பேசியபடியே தருகிறோம்.)



வருடா வருடம் ஏதாவது ஒரு தலைமைப் பொறுப்பை எடுத்துக்கொண்டு இந்த மேடையில் பேசுகிறோம். வங்கி மேலாளர் என்ன செய்கிறார், ஊராட்சித் தலைவர் என்ன செய்கிறார் என்றெல்லாம் பேசியாகிவிட்டது. இந்த வருடம் வனவிலங்கு அலுவலகம். ஏன் என்று மலையடிவாரத்துக் குழுக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்த மாதக் கூட்டத்துக்குப் போனாலும் காட்டுப்பன்றி கடலைக் காட்டைக் கிளறிவிட்டது, மயில் நாற்றைக் கொத்திவிட்டது என்ற பேச்சு வராமல் இருப்பதில்லை. கடைசியில் யாராவது ஒரு அக்கா, "அந்த ஆபீஸ்ல யாரு என்னதான் பண்றாங்க?" என்று கேட்டுவிடுகிறார். நியாயமான கேள்விதான். அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்கு என்ன வேலை, என்ன அதிகாரம், என்ன இக்கட்டு என்று தெரிந்துகொள்ளலாம் என்று படிக்க ஆரம்பித்தோம்.

படித்ததில் எங்களுக்கு அதிகம் விளங்கியது அமெரிக்காவில் நடக்கிற முறை. அதையே இன்றைக்குச் சொல்கிறோம். நம் ஊரில் ரேஞ்சர், அவருக்கு மேலே மாவட்ட வன அலுவலர் என்று வனத்துறை அதிகாரிகள்தான் தலைமை. இந்திய வனப்பணியில் பெண்கள் முதன்முதலாகச் சேர்ந்ததே 1980இல்தான். புலிகள் காப்பகங்களில் உயிரியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வேலை பார்த்து ஆலோசனை சொல்கிறவர்கள். கையெழுத்து வன அலுவலருடையது. அமெரிக்காவில் விலங்குகளைப் பற்றிப் படித்த உயிரியலாளரே அலுவலகத்தின் தலைமை நாற்காலியில் உட்காருகிறார். அந்தப் பதவிக்கு 'சூப்பர்வைசரி பயாலஜிஸ்ட்' என்று பெயர். மேற்பார்வை உயிரியலாளர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

அந்தத் துறையின் பெயர் அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குப் பணித்துறை. 1940இல் இரண்டு பழைய அலுவலகங்களைச் சேர்த்து உண்டாக்கினார்கள். 570க்கும் மேற்பட்ட வனவிலங்குச் சரணாலயங்கள் இதன் கையில் இருக்கின்றன. அது போக, நாடு முழுக்கக் கள அலுவலகங்கள். நாம் பேசப் போவது இந்தக் கள அலுவலகத்தின் தலைவரைப் பற்றி.

இந்த வேலைக்கு வருகிறவர் என்ன படித்திருக்க வேண்டும்? விலங்கியல், தாவரவியல், வனவிலங்கு ஆகிய பாடங்களை இத்தனை மணி நேரம் கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று கணக்கே வைத்திருக்கிறார்கள். அப்புறம் பல வருடம் களத்தில் அலைந்திருக்க வேண்டும். ஆற்றில் இறங்கி மீன் எண்ணியவர், கூட்டுக்கு அடியில் விடியற்காலை நின்றவர் என்று பழகி வந்தவர்தான் மேலே வருகிறார். ஆனால் ஒன்று பாருங்கள், மேலே வந்த பிறகு விலங்கைப் பார்க்க அவருக்கு நேரமே கிடைப்பதில்லை. அதிகம் பார்ப்பது கோப்பும் மனுஷங்களும்தான். நம் கூட்டமைப்பிலும் அப்படித்தானே, நன்றாக ஆடு வளர்த்த அக்காவைத் தலைவியாக்கினோம், இப்போது அவர் ஆட்டை அவர் மாமியார்தான் பார்க்கிறார்!

இன்னொரு சங்கதி எங்களுக்குப் பிடித்திருந்தது. அங்கே முதன்முறை மேற்பார்வைப் பொறுப்புக்கு வருகிறவருக்கு ஒரு வருடம் சோதனைக் காலம். நல்ல உயிரியலாளர், ஆனால் ஆட்களை நடத்தத் தெரியவில்லை என்றால், வேலையை விட்டு அனுப்புவதில்லை. மேற்பார்வை இல்லாத பழைய நிலைக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று விதி. வேலை தெரிவது வேறு, வேலை வாங்கத் தெரிவது வேறு என்பதை அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது.

சரி, அந்தக் கோப்புகளில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவில் 1973இல் அழியும் நிலை உயிரினங்கள் சட்டம் வந்தது. நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972. ஒரு வருடம் நாம்தான் முந்தி. அந்த அமெரிக்கச் சட்டம் சொல்கிறது: மத்திய அரசின் எந்தத் துறையும் ஒரு சாலை போட்டாலும், அணை கட்டினாலும், அதற்குப் பணம் கொடுத்தாலும், அனுமதி கொடுத்தாலும், அங்கே அழியும் நிலையில் உள்ள பிராணியோ செடியோ பாதிக்கப்படலாம் என்றால், முதலில் இந்த அலுவலகத்தைக் கலந்து பேச வேண்டும். பெரிய பாதிப்பு என்றால் 90 நாள் பேச்சு, அதன் பிறகு 45 நாளில் எழுத்து மூலமான கருத்து. மொத்தம் 135 நாள். அந்தக் கருத்துரையை எழுதுவது கீழே இருக்கிற இளம் உயிரியலாளர். படித்துத் திருத்திக் கையெழுத்துப் போடுவது தலைவர்.

இந்தக் கையெழுத்தில்தான் முழு வேலையும் அடங்கியிருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 'பரவாயில்லை, கட்டலாம்' என்று எழுதினால் ஒரு இனமே போய்விடலாம். 'இந்த இனம் பிழைக்காது' என்று எழுதினால் பல கோடி ரூபாய் வேலை நிற்கலாம், அதை நம்பியிருந்தவர்கள் பிழைப்பு கெடலாம். எழுதுவதற்கு ஆதாரம் வேண்டும். அன்றைக்குக் கிடைக்கிற அறிவியல் தகவல்களில் சிறந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 'முழுசாத் தெரியலை, அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று தள்ளவும் முடியாது. பிறகு யார் வேண்டுமானாலும் நீதிமன்றம் போகலாம். போனால் அந்தக் கோப்பில் உள்ள ஒவ்வொரு தாளும், ஒவ்வொரு கடிதமும் நீதிபதி முன்னால் போகும். நம் தீர்மான நோட்டை தணிக்கையாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறாரே, அதுபோல நூறு மடங்கு.

இதிலே எங்களுக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. 'இப்படிக் கட்டினால் இந்த இனம் அழியும்' என்று தலைவர் எழுதினால், அத்தோடு விட்டுவிடக் கூடாது. வேறு எப்படிக் கட்டலாம், நியாயமான மாற்று வழி ஏதாவது இருந்தால் அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். வெறும் 'முடியாது' என்பது போதாது. நம் கடன் குழுவும் ஒரு விண்ணப்பத்தைத் தள்ளும்போது இதை யோசித்துப் பார்க்கலாம்.

இந்தத் துறையில் வேலை பார்த்த பெண்களில் உலகமே அறிந்தவர் ரேச்சல் கார்சன். 1936இல் மீன்வளப் பிரிவில் உயிரியலாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் அந்த மாதிரிப் பதவியில் பெண் என்பதே அபூர்வம். அம்மாவையும், தாயில்லாமல் போன அக்காள் பிள்ளைகளையும் அவர்தான் சம்பாதித்துக் காப்பாற்றினார். 1949இல் துறையின் எல்லா வெளியீடுகளுக்கும் தலைமை ஆசிரியர் ஆனார். அதாவது மற்ற உயிரியலாளர்கள் எழுதுகிற அறிக்கையை வாங்கி, தப்பு இருக்கிறதா என்று பார்த்து, சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி ஆக்கிக் கொடுக்கிற பொறுப்பு. 1952இல் வேலையை விட்டார். 1962இல் 'மௌன வசந்தம்' என்ற புத்தகம் எழுதினார். பூச்சி மருந்து பறவைகளை என்ன செய்கிறது என்பதுதான் அதில் விஷயம். டி.டி.டி. மருந்து நமக்குத் தெரியும். மலேரியாவுக்கென்று வந்து வீட்டுச் சுவரில் அடித்துவிட்டு, கதவுப் பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போவார்கள். அந்த மருந்து மீன் வழியாகக் கழுகின் உடம்பில் சேர்ந்து, முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே உடைந்தது. 1963இல் அலாஸ்காவும் ஹவாயும் நீங்கலாக அமெரிக்கா முழுவதும் வெண்தலைக் கழுகு 417 ஜோடிதான் இருந்தது. 1972இல் டி.டி.டி.க்குத் தடை வந்தது. 2007இல் அந்தக் கழுகை அழியும் நிலைப் பட்டியலில் இருந்தே எடுத்தார்கள்.

துறை முழுமைக்கும் ஒரு பெண் தலைவரானது 1993இல்தான். மோலி பீட்டி என்பது அவர் பெயர். 53 வருடம் ஆண்களே இருந்த நாற்காலி. அவர் காலத்தில்தான், 1995 ஜனவரியில், எழுபது வருடமாக ஓநாய் இல்லாமல் போயிருந்த யெல்லோஸ்டோன் பூங்காவுக்குக் கனடாவில் இருந்து ஓநாய்களைக் கொண்டு வந்தார்கள். ஆடு மாடு வைத்திருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அதிலும் நியாயம் உண்டு, பட்டியில் ஓநாய் புகுந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டாம். ஓநாய்க் கூண்டைப் பனியில் தூக்கி வந்தவர்களில் மோலி பீட்டியும் ஒருவர். 1996இல் மூளைக் கட்டியால் இறந்துபோனார், வயது 49.

இனி விஷயத்துக்கு வருகிறோம். கையெழுத்து அதிகாரம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியுமா? முடியாது என்பதைக் காட்டியது ஒரு சின்ன மரங்கொத்தி.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியில் நீள ஊசி இலை பைன் மரக்காடு ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கர் இருந்தது. மரம் வெட்டியும் விவசாயம் வந்தும் 30 லட்சம் ஏக்கர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்தக் காட்டில் சிவப்புக் கன்னக் கீற்று மரங்கொத்தி என்று ஒரு பறவை. மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஆண் பறவையின் கன்னத்தில் ஒரு துளி சிவப்பு, அதுவும் லேசில் கண்ணுக்குத் தெரியாது. மற்ற மரங்கொத்திகள் பட்ட மரத்தில் பொந்து போடும். இது உயிரோடு இருக்கிற கிழட்டுப் பைன் மரத்தில்தான் போடும். உயிர் மரம் கெட்டியாக இருக்குமே, அதனால் ஒரு பொந்து முடிக்கப் பல வருடம் ஆகும். நாம் வீடு கட்டுகிற மாதிரிதான்! பொந்தைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பிசினை வடிய விடும். பிசின் ஒட்டுவதால் பாம்பு ஏற முடியாது. இன்னும் கேளுங்கள், இது கூட்டுக் குடும்பப் பறவை. பெரும்பாலும் போன வருடத்து ஆண் குஞ்சுகள் வீட்டைவிட்டுப் போகாமல், அடைகாக்கவும் தம்பி தங்கைக்கு இரை கொடுக்கவும் கூடவே இருக்கும்.

1970இலேயே இது அழியும் நிலைப் பட்டியலில் வந்துவிட்டது. அரசாங்கக் காட்டில் காப்பாற்றலாம். தனியார் நிலத்தில்? சட்டப்படி அந்தப் பறவைக்கோ அது குடியிருக்கிற மரத்துக்கோ கெடுதல் செய்யக் கூடாது. பைன் மரம் வளர்த்து விற்கிறவன் யோசித்தான்: மரத்தை நன்றாக முதிர விட்டால் பறவை வரும். பறவை வந்தால் என் மரத்தில் நானே கை வைக்க முடியாது. அதற்கு முன்னாலேயே வெட்டிவிட்டால்? அப்படியே வெட்டினார்கள். பறவையைக் காப்பாற்ற வந்த சட்டமே பறவைக்கு வேண்டிய கிழட்டு மரத்தை இல்லாமல் ஆக்கியது.

நம் ஊரிலும் இதைப் பார்த்திருக்கிறோம். கூரையைப் பிரித்து ஓடு போட்டால் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, காசு சேர்ந்த பிறகும் கூரை வீட்டிலேயே இருந்த குடும்பம் எத்தனை! முன்னேறினால் தண்டனை என்றால் யார் முன்னேறுவார்கள்?

வட கரோலினா மாநிலத்தில் மணற்குன்றுகள் என்று ஒரு பகுதி. அங்கே உள்ள அலுவலகத்து உயிரியலாளர்கள் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நிலக்காரர்களிடம் போய் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பும் கூட இருந்தது. 1995இல் ஒரு ஒப்பந்தம் வந்தது. அதற்குப் 'பத்திரமான துறைமுகம்' என்ற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள். விஷயம் சுலபம். இன்றைக்கு உங்கள் நிலத்தில் இரண்டு பறவைக் குடும்பம் இருக்கிறது என்றால் ஏட்டில் இரண்டு என்று எழுதிக்கொள்வோம். அந்த இரண்டுக்கு நீங்கள் பொறுப்பு. உங்கள் பராமரிப்பால் பத்து வருடத்தில் ஐந்து குடும்பம் ஆனால், கூடுதலாக வந்த மூன்றுக்காக உங்கள் மேல் புதிதாக எந்தக் கட்டுப்பாடும் விழாது. முதலில் கையெழுத்துப் போட்டது பைன்ஹர்ஸ்ட் என்ற ஊரின் கோல்ஃப் மைதான விடுதி. பிறகு மற்ற மாநிலங்களுக்கும், மற்றப் பிராணிகளுக்கும் இந்த ஒப்பந்தம் பரவியது.

யோசித்துப் பாருங்கள், ஒரு அலுவலகத் தலைவர் இதில் கையெழுத்துப் போட எவ்வளவு தைரியம் வேண்டும். ஒரு பக்கம் 'பறவையை விட்டுக்கொடுத்துவிட்டாய்' என்று சத்தம் வரும். இன்னொரு பக்கம் 'அரசாங்க ஆளை நம்பாதே, இன்று இப்படிச் சொல்வான், நாளை மாற்றுவான்' என்று சத்தம் வரும். இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற நாற்காலி அது. எங்கள் கருத்து, அந்தக் கையெழுத்து சரியானதுதான். காகிதத்தில் கடுமையாக இருந்து காட்டில் மரம் இல்லாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு இடத்தில் நம்பிக்கை வந்தது என்பதால் பக்கத்து ஊரிலும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அதே வட கரோலினாவில் பாய்லிங் ஸ்பிரிங் லேக்ஸ் என்று ஒரு சின்ன ஊர். வீட்டு மனைகள் நிறைந்த ஊர். 2006இல் எந்தெந்த இடத்தில் இந்த மரங்கொத்தி இருக்கிறது என்று அலுவலகத்தின் வரைபடம் வந்தது. அவ்வளவுதான், பயம் பற்றிக்கொண்டது. சில மாதங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் மரம் வெட்ட அனுமதி வாங்கினார்கள். வீடு கட்டுகிற யோசனையே இல்லாதவர்கள்கூட மனையை மொட்டை அடித்தார்கள். கடைசியில் ஊர் நிர்வாகம் அனுமதி கொடுப்பதைச் சில காலம் நிறுத்தி வைத்தது. வந்தது ஒரு வரைபடம்தான், உத்தரவுகூட இல்லை. மனை வாங்கிப் போட்டவர்களை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஆயுள் முழுக்கச் சேர்த்த காசு அதில் இருக்கிறது.

ராணுவத்தோடும் தகராறு வந்தது. அதே மணற்குன்றுப் பகுதியில் ஃபோர்ட் பிராக் என்ற பெரிய ராணுவத் தளம் இருக்கிறது. 1990இல் அலுவலகம் 'உங்கள் பயிற்சியால் இந்த மரங்கொத்திக்கு ஆபத்து' என்று கருத்துரை கொடுத்தது. பயிற்சி நடக்கிற இடங்களில் கட்டுப்பாடு வந்தது. தளபதிகளுக்குக் கோபம். நாட்டைக் காப்பாற்றுகிறவர்களைக் குருவி வந்து நிறுத்துவதா என்று கேட்டார்கள். சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து வேலையும் பார்த்தார்கள். அப்போது ஒரு வேடிக்கை தெரிந்தது. குண்டு போட்டுப் பழகுகிற இடத்தில் அடிக்கடி தீ பிடிக்கும். அந்தத் தீதான் புதரை எரித்து, காட்டைத் திறந்த வெளியாக வைத்து, மரங்கொத்திக்குத் தோதாக ஆக்கியிருந்தது. நீள ஊசி இலை பைன் காடு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை லேசாக எரிந்தால்தான் காடாக இருக்கும். எரியாவிட்டால் வேறு மரம் அடர்ந்து அடைத்துக்கொள்ளும். ராணுவமே உயிரியலாளர்களை வேலைக்கு வைத்தது, கட்டுப்பாடாகத் தீ வைத்தது, பைன் கன்று நட்டது. 2006இல் அந்தப் பகுதியில் பறவை எண்ணிக்கை எட்ட வேண்டிய இலக்கைத் தொட்டது, அதுவும் எதிர்பார்த்ததற்கு ஐந்து வருடம் முன்னாலேயே. பயிற்சிக் கட்டுப்பாடுகளும் தளர்ந்தன.

1989இல் ஹ்யூகோ என்ற புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டைச் சாய்த்தது. ஒரே இரவில் பொந்து மரங்களில் பெரும்பகுதி போயிற்று, பறவைகளில் பாதிக்கு மேல் செத்தன. புதுப் பொந்து போடப் பறவைக்குப் பல வருடம் ஆகுமே, என்ன செய்வது? மரம் அறுக்கும் மெஷினால் நின்ற மரத்தில் சதுரமாக வெட்டி, மரப்பெட்டியில் செய்த பொந்தைச் சொருகினார்கள். பறவை குடிவந்தது. கஜா புயலில் தென்னை சாய்ந்து போனதைப் பார்த்த டெல்டாப் பக்கத்துச் சகோதரிகளுக்கு அந்த வேலையின் அருமை தெரியும்.

1970களின் கடைசியில் இந்த மரங்கொத்திக் குடும்பங்கள் இருந்த இடம் சுமார் 1,470. இப்போது சுமார் 7,800 என்று மதிப்பிடுகிறார்கள். 2024 அக்டோபரில் இதை அழியும் நிலையில் இருந்து ஒரு படி இறக்கி, அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்ற பட்டியலுக்கு மாற்றினார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்று சொல்கிறவர்களும் உண்டு. ஏனென்றால் இன்றைக்கும் தீ வைப்பதும் பெட்டிப் பொந்து சொருகுவதும் நின்றால் பறவை குறைந்துவிடும். அதாவது இது முடிகிற வேலை இல்லை. ஒரு தலைவர் ஓய்வு பெற்றால் அடுத்தவர் அதே மரத்தடிக்குப் போக வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், பணம் வேண்டும். அங்கேயும் நாடாளுமன்றம் வரவு செலவை நிறைவேற்றாவிட்டால் அலுவலகம் பூட்டு. 2018 டிசம்பரில் ஆரம்பித்து 35 நாள், 2025 அக்டோபரில் ஆரம்பித்து 43 நாள் அப்படி நடந்தது. 2025இல் மத்திய அரசு ஆட்குறைப்பு செய்தபோது இந்தத் துறையிலும் பலர் வேலை இழந்தார்கள். போன ஆளின் கோப்பு போவதில்லை. அது மேசையிலேயே இருக்கும். 135 நாள் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். யார் கோப்பை யாரிடம் கொடுப்பது, எந்த வேலையை விடுவது என்று முடிவு செய்வதும் அந்தத் தலைவர்தான்.

நம் பக்கத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். ராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலகாலமாகப் போய்வந்த தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டன. போகக் கூடாது என்று தடை, படகைப் பிடிப்பது, அபராதம் என்று எவ்வளவோ கஷ்டம். அந்தப் பெண்கள் கூடிப் பேசித் தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் எடுப்பதில்லை, கையால் மட்டுமே எடுப்பது என்று. பாசி எப்போது வளரும், எப்போது விட வேண்டும் என்று அவர்களைவிடத் தெரிந்த உயிரியலாளர் யார் இருக்க முடியும்? மணற்குன்றுப் பகுதியில் அலுவலகமே முதலில் நிலக்காரனைத் தேடிப் போனது. இங்கே பெண்கள் முதலில் வந்தார்கள். யார் முதலில் வந்தாலும் சரி, எதிரில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

அதனால்தான் கல்விக் குழு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறது. மலையடிவாரத்து ஏழு ஊர்க் குழுக்களில் இருந்து ஊருக்கு இருவராக, அடுத்த மாதம் ரேஞ்சர் அலுவலகத்துக்குப் போகிறோம். சண்டைக்கு இல்லை, கும்பலாகக் கத்தவும் இல்லை. பயிர்ச் சேதத்தை ஒரே நோட்டில் எழுதிக் கொண்டு போகப் போகிறோம். எந்தத் தேதி, எந்த சர்வே எண், என்ன பயிர், எத்தனை சென்ட், பன்றியா மயிலா யானையா, பார்த்த இருவர் யார் என்று வரிசையாக இருக்க வேண்டும். ஆதாரம் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். ஆகவே சேதமான அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள். பிடுங்கிப் போட்ட பிறகு எடுத்தால் பிரயோஜனமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத சகோதரிகளுக்கு அந்தந்த ஊர் ஊக்குநர் எழுதித் தர வேண்டும். கிணற்றுப் பக்கம் மயில் முட்டை பார்த்தாலும், சேதமே இல்லாமல் சும்மா மான் வந்து போனாலும் அதையும் எழுதுங்கள். நஷ்டம் மட்டும் எழுதிய நோட்டைவிட எல்லாம் எழுதிய நோட்டை அந்த நாற்காலியில் இருப்பவர் அதிகம் நம்புவார்.

நோட்டுப் புத்தகம் கூட்டமைப்பு அலுவலகத்தில் ஊருக்கு ஒன்று வைத்திருக்கிறோம். போகும்போது கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.